தேதி, இடது கால், வலது கால்

1

இந்த நோட்டை எனக்குக் கொடுத்தது கதை எழுதுவதற்காக அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கேட்கக் கூடாது.

சம்பாபேட்டில் கால் நோய்க்கென்றே ஒரு கிளினிக் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் தேஜஸ்வினி என்ற பெண் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மூன்று கட்டம் பிரித்துக் கொடுத்தாள். தேதி, இடது கால், வலது கால். தினமும் காலையில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். வெடிப்பு, கொப்புளம், சிவப்பு, ஈரம், எது தெரிந்தாலும் எழுத வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்று எழுத வேண்டும். ஏழு நாள் முடிந்ததும் நோட்டோடு வர வேண்டும்.

ஆறு நாள் முடிந்துவிட்டது. கட்டங்கள் எல்லாம் காலி. அந்தக் கோடுகளின் மேலேயேதான் இதை எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். முப்பத்தாறு வருஷ உத்தியோகத்தில் அதிகம் எழுதியது இரண்டே வார்த்தைகள்: 'சரி', 'தள்ளு'. அழகை எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே போய்விடலாம்.

தொடக்கம் ஒன்று: சௌந்தரராஜன் செருப்பைக் கழற்றிவிட்டு, மெதுவாக…

வேண்டாம். கழற்றுகிற இடத்தில் தொடங்கினால் உடனே பார்த்தாக வேண்டும்.

தொடக்கம் இரண்டு: உடலின் பாரம் முழுவதையும் தாங்கும் பாதங்களுக்கு நாம் என்ன மரியாதை…

பள்ளிக்கூடக் கட்டுரை. தள்ளு.

தொடக்கம் மூன்று: சௌந்தரராஜனுக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் வலிக்கவில்லை.

சரி. இது நிற்கட்டும்.

2

சௌந்தரராஜனுக்கு அறுபத்தெட்டு வயது. அரக்கோணத்துப் பக்கத்து ஆள். தெலுங்கும் உருதுவும் பேசுகிற இந்த ஊருக்கு வந்து, காஞ்சன்பாக்கில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஹெல்பராகச் சேர்ந்து, கேஜ் பிடிக்கிற வேலையில் ஓய்வு பெற்றவன். கேஜ் என்பது ஒரு இரும்புத் துண்டு. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. அப்படியானால் சரி. இல்லாவிட்டால் தள்ளு.

அவன் யாரையும் நம்ப மாட்டான். கூட வேலை செய்கிறவர்கள் நிஜமாகவே அளந்து பார்க்கிறார்களா, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார்களா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி வைத்திருந்தான். நல்ல பீஸ்கள் அடுக்கிய தட்டில், கெட்டது என்று தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கலந்து அனுப்புவான். அதற்கும் 'சரி' போட்டவன் அன்றைக்கு மாட்டினான். இதனாலேயே அவனுக்கு அங்கே நண்பர்கள் கிடையாது, இர்பானைத் தவிர.

சர்க்கரை வந்து பதினெட்டு வருஷம். பாதத்தில் ஆணி வந்தால் ஷேவிங் பிளேடால் தானே சீவிக்கொள்வான். மருந்துக்கடையில் விற்கிற ஆணிப் பிளாஸ்திரியை ஒட்டினான். அது ஆணியோடு நல்ல தோலையும் தின்றது. பித்தவெடிப்புக்கு மெழுகும் தேங்காயெண்ணெயும். விரலிடுக்குச் சேற்றுப்புண்ணுக்கு மஞ்சள். ஒவ்வொன்றாக வலி நின்றது. வலி நின்றதைக் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டான்.

டாக்டரிடம் போகாததற்குக் காரணம் இர்பான். விரலில் புண் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன், முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தான். "தவாகானா பக்கம் நக்கோ மியா, போவாத. விரலைக் கொடுத்தா காலைக் கேப்பாங்க," என்றான். சௌந்தரராஜன் அதை அளந்து பார்க்காமலே நம்பினான். வாழ்க்கையில் அவன் அப்படி நம்பியது அது ஒன்றுதான்.

(குறிப்பு: சௌந்தரராஜன் நான் இல்லை. கோளாறு அவனுக்கு இடது காலில்.)

3

கிளினிக்குக்கு அவனை இழுத்துக்கொண்டு போனது மனைவி வசந்தகுமாரி. பெஞ்சில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு பெண்ணுக்குக் குதிகால் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் உயிர் போய் உயிர் வருகிறதாம். ஐஸ் பாட்டிலைக் காலடியில் போட்டு உருட்டச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொருவர் டிராபிக் போலீஸ்காரர். பெருவிரல் நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் பிடித்து, ஓரத்தை எடுத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். நகத்தை இனிமேல் வளைத்து வெட்டாமல் நேராக வெட்ட வேண்டுமாம். இருவரும் முனகினார்கள். சௌந்தரராஜனுக்குப் பொறாமையாக இருந்தது. வலிக்கிறவர்களுக்கு எங்கே கோளாறு என்றாவது தெரிகிறது.

தேஜஸ்வினி தெலுங்குக்காரி. சென்னையில் பயிற்சி எடுத்த காலத்துத் தமிழ் கொஞ்சம் வைத்திருந்தாள். கையில் மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு துண்டு நைலான்.

"கண்ணு மூடண்டி அங்கிள். நான் தொட்டா 'ஹவ்', ஆமான்னு சொல்லண்டி."

மூடினான். காத்திருந்தான். எதுவும் தெரியவில்லை. ஆனால் அவள் கை நகரும்போது கண்ணாடி வளையல் கிணுங்கிற்று.

"ஹவ்," என்றான்.

மறுபடியும் கிணுங்கிற்று. "ஹவ்." இப்படிப் பத்து முறை.

"பத்துக்குப் பத்து அங்கிள்," என்றாள் அவள்.

"அப்ப கிளம்பட்டுமா?"

"நான் தொட்டது ஆறு வாட்டிதான். நாலு வாட்டி சும்மா வளையலை ஆட்டினேன்."

கெட்ட பீஸ். தட்டில் கலந்து வைத்திருக்கிறாள். அவனுடைய வித்தையை அவனிடமே.

அவளுக்கு நாலு பொய்தான் தெரியும். மற்ற ஆறும் பொய் என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

"எதுக்கு அங்கிள் இப்படி? கால் உங்களுதுதானே?"

"நெசம் சொன்னா வெட்டிடுவீங்க."

"நான் நகம் மட்டும்தான் வெட்டுவேன் அங்கிள்," என்று சிரித்தபடி ஆணியைச் சுற்றித் தடித்திருந்த தோலைச் சீவி எடுத்தாள், நகத்தை நேராக வெட்டினாள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு போட வேண்டும், பிளேடு பக்கமே போகக் கூடாது, அடுத்த வாரம் டாக்டரைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றாள். பிறகு நோட்டு. உள்ளங்கால் தெரியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடி வைத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னாள்.

கண்ணாடி வீட்டில் இருக்கிறது. அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறான்.

4

மூன்றாம் நாள். வீட்டுக்குள் வெறுங்காலோடுதான் நடந்தான். சொன்னதைக் கேட்கிற ஆள் என்றால் இந்தக் கதைக்கு வேலையில்லை.

சமையலறையிலிருந்து வசந்தகுமாரி, "ஏங்க, இன்னா சத்தம் அது? காலையிலேர்ந்து லாடம் கட்டின மாடு மாதிரி டக்கு டக்குன்னு நடக்கிறீங்க?" என்றாள்.

அவன் நின்றான். சத்தமும் நின்றது. ஓர் அடி வைத்தான். டைல்ஸ் தரையில், டக்.

குளியலறைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தான். முட்டி முழுசாக மடங்காது, வயிறும் குனிய விடாது. காலைப் பின்பக்கம் மடக்கி, கையைக் கொண்டுபோய்த் தடவினான். பெருவிரலுக்குக் கீழே சதை மேட்டில், வழவழப்பாக, வட்டமாக, குளிர்ச்சியாக ஒன்று.

காலண்டர் மாட்டுகிற டிராயிங் பின். முழுசாக உள்ளே ஏறி, தலை மட்டும் வெளியே இருந்தது.

நகத்தால் நெம்பிப் பிடுங்கினான். பிடுங்கும்போதாவது வலிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான். வலிக்கவில்லை. கடித்த பல்தான் வலித்தது. காலையிலிருந்து அந்தக் காலோடு வீடு முழுக்க நடந்திருக்கிறான். உட்கார்ந்து இட்லி தின்றிருக்கிறான். தன் கால் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தது யாருடையதோ போல இருந்தது.

"கல்லு ஒண்ணு ஒட்டிக்கினு இருந்துச்சு," என்றான் வெளியே வந்து.

அன்றிலிருந்து சாக்ஸ் போட்டிருக்கிறான்.

5

இந்த இடத்தில் எழுத்து நின்றுவிட்டது. காரணம் இர்பான். எழுதிய வரைக்கும் திருப்பிப் படித்தால், அந்த ஆள்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. விரலோடு போனான், காலில்லாமல் வந்தான். நடுவில் எதுவும் இல்லை. கேஜின் இரண்டு முனையும் வழுக்கிக்கொண்டு போகிற பீஸை நான் நம்ப மாட்டேன்.

ஆகவே சௌந்தரராஜன் அவனுக்கு போன் போட்டான். இர்பானும் நானும் பேசுவது எந்த மொழி என்று எங்களுக்கே தெரியாது. [நானும் என்று வந்துவிட்டது. அவனும். பிறகு அடித்துத் திருத்த வேண்டும்.]

"விரல்ல புண்ணு வந்து எத்தனை நாள்ல ஆஸ்பத்திரிக்குப் போன?"

இர்பான் டி.வி. சத்தத்தைக் குறைத்தான். பிறகு, "மூணு மாசம்," என்றான். "சாக்ஸ் போட்டுக்கினு திரிஞ்சேன் மியா. வீட்ல யாருக்கும் தெரியாது. வாசனை வந்தப்ப அத்தர் போட்டுக்கிட்டேன்."

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"முதல் வாரம் வந்திருந்தா கழுவிக் கட்டுப் போட்டு அனுப்பியிருப்பேன்னாரு."

"அடப்பாவி. அப்ப எங்கிட்ட எதுக்கு அப்படிச் சொன்ன?"

"வெட்டிட்டாங்கன்னு சொன்னா எல்லாரும் டாக்டரைத் திட்டுவாங்க. ஒளிச்சு வச்சேன்னு சொன்னா என்னைத் திட்டுவாங்க." பிறகு குரல் மாறிற்று. "இப்ப கைக்கு கேக்கிற, எதுக்கு?"

"ஒரு கதைக்கு."

"ஓஹோ. உன் கதையில அந்த ஆளு இப்ப சாக்ஸ் போட்டிருக்கானா?"

போனை வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டான்.

6

முடிவு ஒன்று: மறுநாளே கிளினிக்குக்குப் போகிறான். ஓட்டை சின்னது. கழுவி, செத்த தோலை எடுத்து, கட்டுப் போட்டு, அந்தக் காலை ஊன்றக் கூடாது என்கிறார்கள். ஆறு வாரத்தில் மூடிக்கொள்கிறது. உங்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். அதனாலேயே நம்ப முடியவில்லை.

முடிவு இரண்டு: இர்பானுக்கு வந்ததே இவனுக்கும். சௌந்தரராஜன் கண் விழிக்கும்போது போர்வையில் ஒரு பக்கம்

எழுத மாட்டேன்.

முடிவு மூன்று: சாக்ஸ் கழற்றப்படவே இல்லை. கதை இப்படியே நிற்கிறது. இது கோழையின் முடிவு. நேற்று மாலை வரை இதைத்தான் வைத்திருந்தேன். நேற்று மாலைதான் வசந்தகுமாரி, எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். உங்கள் தட்டிலும் ஒரு கெட்ட பீஸைக் கலந்து வைத்திருந்தேன். இரண்டாம் பிரிவில், அடைப்புக்குறிக்குள். எத்தனை பேர் 'சரி' போட்டீர்கள்?

இடது கால் இல்லை. வலது கால்.

7

ஏழாம் நாள் காலை. பதினோரு மணிக்குக் கிளினிக். வலது காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்திருக்கிறேன். சாக்ஸ் ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது; தண்ணீர் விட்டு எடுத்தேன். வலிக்கவில்லை.

கண்ணாடியைத் திருப்பினேன். என் கண்ணுக்கு மங்கலாக ஏதோ தெரிகிறது. நிழலா, காலா என்று தெரியவில்லை. இந்தக் கதையின் முடிவு அடியில் இருக்கிறது. எழுதுகிறவனால் அதைப் பார்க்க முடியாது. இன்னொரு ஆள் வேண்டும்.

"வசந்தா," என்று கூப்பிட்டேன்.

ஈரக் கையோடு வந்தாள். "இன்னா?"

"காலைப் பாரு. பாத்துட்டுச் சொல்லு."

"இன்னா சொல்லணும்?"

"ரெண்டே வார்த்தைதான். சரியா, தள்ளா."

"உங்க ஃபேக்டரி பேச்சு இங்க வேணாம்," என்றபடி தரையில் உட்கார்ந்தாள். இடது காலைத் திருப்பிப் பார்த்தாள். "இதுல ஒண்ணுமில்ல," என்றாள். எழுதிக்கொண்டேன். பிறகு வலது காலைப் பிடித்தாள். பிடித்தாள் என்று நினைக்கிறேன். அவள் கை அசைவது தெரிகிறது, எனக்குத் தொடுவது தெரியவில்லை.

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. நோட்டைப் பார்த்தபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதுகிற வரைக்கும் தலை நிமிர வேண்டியதில்லை. ஆனால் பக்கம் முடிகிறது. நீங்கள் பாருங்கள். அவள் முகத்தில் என்ன இருக்கிறதோ அதைக் கட்டத்தில் எழுதுங்கள். அளந்து பார்க்காமல் 'சரி' மட்டும் போட்டுவிடாதீர்கள்.

அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

தேதி: இன்று.

இடது கால்: ஒன்றும் இல்லை.

வலது கால்: