கனிசியஸுக்கு வந்த நெஞ்சு நோ

குருநகரில் மீன்வலைக் கடை வைத்திருக்கும் கனிசியஸின் தமையன், போன வருடம் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே செத்துப்போனார். "வாய்வுக் குத்துப் போல கிடக்கு" என்று சொல்லி நெஞ்சைத் தடவினார். கோப்பையில் சோறு ஆறமுன் உயிர் போய்விட்டது. பக்கத்துக் கதிரையில் இருந்து அதைப் பார்த்த கனிசியஸ், அன்றிலிருந்து தன் நெஞ்சைக் கேட்டுக்கொண்டே வாழ்ந்தார். நைலோன் கயிறு அளக்கும்போதும், பூசையில் முழந்தாளிடும்போதும் அவருடைய ஒரு காது உள்ளேதான் இருந்தது.

மகள் லவீனாதான் அவரை ஜிம்மில் சேர்த்துவிட்டாள்.

"டொக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னவர்தானே அப்பா. அங்கை வெயில் இல்லை, நாய்த் தொல்லை இல்லை. பார்க்கிறதுக்கு ஆளும் இருக்கு."

நகரத்தில் ஒரு கட்டடத்தின் மேல்மாடி அது. சுற்றவரக் கண்ணாடி. ஜன்னல்களைக் கறுப்புத்தாள் ஒட்டி மூடியிருந்தார்கள். பாட்டுச் சத்தத்தில் சுவர் அதிர்ந்தது. ட்ரெட்மில்லின் கைப்பிடியைப் பிடித்தால் இதயத்துடிப்பு எண்ணாக முன்னால் தெரியும். ஒருநாள் பின்னேரம் அந்தச் சிவப்பு எண் ஏறுவதைக் கனிசியஸ் கவனித்தார். பயம் வந்தது. பயம் வர எண் இன்னும் ஏறியது. கண்ணாடியில் தெரிந்த முகம் தமையனின் முகமாக இருந்தது. வலப்பக்கம் ஒருவன் காதை அடைத்துக்கொண்டு ஓடினான். இடப்பக்கமும் அப்படியே. இந்த இடத்தில் விழுந்தால் பாட்டு முடியும்வரை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

"மாதாவே, நான் சாகப்போறன்!" என்று கத்திக்கொண்டு தரையில் இருந்துவிட்டார்.

பயிற்சி கொடுக்கும் சுரேஸ் ஓடிவந்து அம்புலன்சுக்குப் போன் அடித்தான். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டொக்டர், "ஐயா, உங்கடை இதயம் நல்லாத்தான் இருக்கு. இது வெறும் பயம்" என்றார்.

அந்தப் பேச்சோடு முடிந்திருக்கலாம். ஆனால் யாரோ வீடியோ எடுத்திருந்தார்கள். ரப்பர் விரிப்பில் இருந்து மாதாவைக் கூப்பிட்ட கனிசியஸ் அடுத்தநாள் ஊர் முழுவதும் வட்ஸ்அப்பில் போனார். வலை வாங்க வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இப்ப நெஞ்சு எப்பிடி அண்ணை?" என்று விசாரித்தார்கள். அவர் அந்த ஜிம் படியில் பிறகு ஏறவில்லை.

நண்டு வியாபாரி ஜெறோம் மட்டும் சிரிக்கவில்லை. ஒருகாலத்தில் ஊர்க் கழகத்துக்குப் பந்தடித்தவன். இப்போதும் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பான்.

"அந்தப் பெட்டிக்குள்ளை ஏன் போனனீங்கள்? காலமை எங்களோடை வாங்கோ அண்ணை. காத்தும் இருக்கு, கதைக்க ஆக்களும் இருக்கு."

காலைப் பூசை முடிந்ததும் கடற்கரை வீதியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். ஜெறோமின் மனைவி ஸ்ரெல்லா உரத்து எண்ண, எல்லோரும் கையையும் காலையும் வீசுவார்கள். பிறகு சோடி சோடியாகப் பண்ணைச் சந்திக்கு நடந்து, கடலை ஊடறுத்துத் தீவுப்பக்கம் போகும் வீதியில் கொஞ்சத் தூரம் போய்த் திரும்புவார்கள். கனிசியஸுக்குச் சோடி ஜெறோம். அவன் வாய் ஓயாது. எப்போதோ ஒரு உதைபந்தாட்ட மத்தியஸ்தர் தராமல் விட்ட கோலைப் பற்றிச் சொல்லுவான். நண்டை உயிரோடு கொழும்புக்கு அனுப்பும் விதத்தைச் சொல்லுவான். இடையில் கேள்வி கேட்பான். பதில் சொல்லிக்கொண்டே தன் நெஞ்சைக் கேட்கக் கனிசியஸால் முடியவில்லை. பயம் போய்விடவில்லைதான். ஆனாலும் நடந்து திரும்பும்வரை அது சற்றுத் தள்ளியே வந்தது.

மார்கழியில் ஒருநாள் காலை, வாடைக்காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. பெண்கள் முன்னால் போய்விட்டார்கள். கனிசியஸ் ஏதோ சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் இருந்து சத்தம் வரவில்லை. ஜெறோம் எப்போது பேச்சை நிறுத்தினான் என்று யோசித்துப் பார்த்தார். வழியிலுள்ள பழைய கோட்டையைத் தாண்டிய பிறகு அவன் ஒன்றுமே பேசவில்லை.

திரும்பிப் பார்த்தார். அந்தக் குளிர்காற்றிலும் ஜெறோமின் நெற்றியில் வேர்வை துளித்திருந்தது. இடது கையால் தாடையைத் தேய்த்துக்கொண்டு நடந்தான்.

"என்ன ஜெறோம், என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லை. ராத்திரி மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டனான். வாய்வு."

கனிசியஸ் நடையை நிறுத்தினார்.

"நில்லு. ஸ்ரெல்லாவைக் கூப்பிடுறன்."

ஜெறோம் அவருடைய கையை எட்டிப் பிடித்தான். "அவளைப் பயப்படுத்தாதையுங்கோ. எல்லாரும் உங்களைப் போலயே அண்ணை? பேசாமல் நடவுங்கோ."

அந்தச் சொல் சுட்டது. கனிசியஸ் பேசாமல் நடந்தார். இப்போது அவருடைய நெஞ்சும் அடிக்கத் தொடங்கிவிட்டது. காணும் முகத்தில் எல்லாம் தமையனைக் காண்கிறேனோ? கூப்பிட்டு, இது வெறும் வாய்வு என்று வந்தால், தன்னுடைய பைத்தியத்தில் இன்னொருவனையும் இழுத்துவிட்டதாக ஊர் சொல்லும். வாய்வாக இல்லாவிட்டால்? பின்னால் பண்ணைச் சந்தி தூரத்தில் தெரிந்தது. முன்னால் வெறும் வீதி. ஜெறோமின் மூச்சு சீறிச்சீறி வந்துகொண்டிருந்தது. அவனைக் கேட்டால் மறுப்பான். வற்புறுத்தினால் கோபித்துக்கொண்டு இன்னும் வேகமாக நடப்பான். அவனை அவருக்குத் தெரியும்.

கனிசியஸ் வீதியோரத்தில் அப்படியே குந்தினார். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

"ஐயோ, என்னாலை ஏலாது! நெஞ்சு நோகுது! மாதாவே!"

முன்னால் போனவர்கள் திரும்பி ஓடிவந்தார்கள். "கனி அண்ணைக்குத் திரும்பவும் வந்திட்டுது" என்று யாரோ சொன்னது அவருக்குக் கேட்டது. ஒருவர் சிரிப்பை மறைக்க முகத்தைக் கடல் பக்கம் திருப்பியதையும் கண்டார். தீவுப்பக்கமிருந்து நகரத்துக்கு வந்த ஓட்டோவை ஸ்ரெல்லா குறுக்கே நின்று மறித்தாள். நாலு பேர் அவரைத் தூக்கி ஏற்றினார்கள். அவர் ஜெறோமின் மணிக்கட்டை விடவில்லை.

"ஜெறோம் என்னோடை வரவேணும். அவன் வராட்டி நான் போகமாட்டன்."

"சின்னப்பிள்ளை மாதிரி..." என்று முணுமுணுத்தபடி ஜெறோம் ஏறினான். அவர் மற்றப் பக்கத்தில் ஸ்ரெல்லா ஏறிக்கொண்டாள்.

ஓட்டோ காற்றைக் கிழித்துக்கொண்டு பறந்தது. ஸ்ரெல்லா கனிசியஸின் நெஞ்சைத் தடவித் தடவி, "பயப்பிடாதையுங்கோ அண்ணை, இந்தா வந்திட்டுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவருடைய கைக்குள் ஜெறோமின் மணிக்கட்டு ஐஸில் கிடந்த மீனைப் போல ஈரமாகக் குளிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அவனுடைய தலை பாரமாக அவர் தோளில் வந்து விழுந்தது.

"பிள்ளை," என்றார் கனிசியஸ். "எனக்கு ஒண்டுமில்லை. உவனைப் பார்."

ஸ்ரெல்லாவின் கை அவர் நெஞ்சிலேயே நின்றது. பிறகு அவரைத் தாண்டி எட்டிப் புருஷனின் முகத்தைத் திருப்பினாள். அவள் வைத்த சத்தத்தில் ஓட்டோக்காரன் பயந்து, ஹோனை அமத்தியபடியே ஆஸ்பத்திரி வாசலுக்குள் புகுந்தான்.

உள்ளே கொண்டுபோனார்கள். கதவைச் சாத்தினார்கள். ஸ்ரெல்லா நிலத்தில் இருந்து செபமாலை சொன்னாள். கனிசியஸுக்குச் செபம் வரவில்லை. வீதியில் பேசாமல் நடந்த அந்தத் தூரம் மட்டுமே நினைவுக்கு வந்தது. அதற்குள் அவனுடைய உயிர் போயிருந்தால்? ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் அவர் எழும்பி நின்றார்.

வெளியே வந்த டொக்டர் அவளைப் பார்த்துச் சொன்னார். "மாரடைப்புத்தான். அடைப்பை எடுத்திருக்கிறம். இன்னும் ரெண்டு நாள் பார்க்கவேணும்."

அந்த இரண்டு நாளும் கனிசியஸ் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஜெறோமைப் பார்க்க விட்டார்கள். கட்டிலில் அவன் சுருங்கிப்போய்க் கிடந்தான்.

"என்னை ஏமாத்திப்போட்டியள்," என்றான்.

"ஓம்."

பிறகு ஜெறோம் கூரையைப் பார்த்தபடி சொன்னான்: "ஒரு கிழமையா நோ இருந்தது அண்ணை. சொன்னால் உண்மையாப் போயிடும் எண்டு பயம். உங்களுக்குப் பக்கத்திலை நடந்தால் நான் துணிஞ்சவன் மாதிரி இருக்கும்."

வீட்டில் லவீனா மீண்டும் தொடங்கினாள். "வேற ஜிம் ஒண்டு திறந்திருக்கினம் அப்பா. அங்கை எல்லாத்தையும் கண்காணிக்கிற மெஷின் இருக்காம்."

"நான் பண்ணைக்குப் போறன்," என்றார் அவர்.

ஆனால் அடுத்தநாள் காலை வாசற் படலையைத் திறக்கக் கை வரவில்லை. பூசை மணி ஓய்ந்து வெகுநேரமாகியும் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் போனார். எல்லோரும் அவருக்காகக் காத்திருந்தார்கள். ஜெறோமுக்கு நடக்க இன்னும் நாள் இருந்ததால் ஸ்ரெல்லா அவருக்குச் சோடியாக வந்தாள். அவர் விழுந்த இடம் வந்தபோது அவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது.

"எனக்குப் பயமாக் கிடக்கு பிள்ளை," என்றார். யாரிடமும் அவர் அப்படி மெதுவாகச் சொன்னதில்லை.

"எனக்கும்தான் அண்ணை," என்றாள் ஸ்ரெல்லா. "ஏதாவது கதையுங்கோ."

அவர் நைலோன் வலையின் கண் அளவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவள் கேட்டுக்கொண்டு வந்தாள்.