பொட்டு வைத்த லாப்டாப்

நாவிதர் தலையில் தண்ணீர் தெளிக்க வந்தபோது பிரசாத் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, மீசை மட்டும் எடுத்தாப் போதாதா?"

தண்டபாணி மாமா அம்மாவின் தம்பி. லோத்குண்டா மயானத்தில் காலையிலிருந்து விறகு, பானை, பால் என்று ஓடிக்கொண்டிருப்பவர் அவர்தான். "நக்கோடா, அதெல்லாம் வேணாம். ஒத்தப் புள்ள நீ. மொட்டை போடாமக் கொள்ளி வெப்பியா? உங்கப்பாவுக்குச் செய்யற கடைசிக் காரியம்டா இது."

பிரசாத் கையை விட்டான். விறகின் மேல் அப்பா உலகநாதன் கிடந்தார். நேற்று ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பி, வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

பிள்ளை துக்கத்தில் தடுமாறுகிறான் என்றுதான் கூடியிருந்தவர்கள் நினைத்தார்கள். துக்கம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் பயம்தான் பெரிதாக இருந்தது. முன்னந்தலையில் இருந்தது அவன் முடியே இல்லை.

இருபது வயதிலேயே முன்மண்டை பளபளக்க ஆரம்பித்துவிட்டது அவனுக்கு. கல்விக்கடனில் கட்டணம் நேராகக் கல்லூரிக்குப் போய்விடும். லாப்டாப்புக்கு என்று ஒதுக்கியது மட்டும் இவன் கணக்குக்கு வந்தது. அப்பா கையெழுத்துப் போட்டு வந்த பணம். குகட்பள்ளி விடுதியில் அந்தப் பணத்துக்கு ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். ஒருவன் பழைய பைக் வாங்கினான். இரண்டு பேர் கோவா போய்வந்தார்கள். இவன் முடி வாங்கினான். மண்டையில் பசை தடவி ஒட்டுகிற முடி. வீட்டில் கேட்டதற்கு, ஏதோ மூலிகை எண்ணெய் என்று கதை அளந்தான்.

லாப்டாப்புக்கும் ஒரு பொய் வேண்டுமே. பக்கத்துக் கட்டில்காரனின் லாப்டாப்பைப் படம் எடுத்து அனுப்பினான். 'பொட்டு வெச்சுக் கும்பிட்டுட்டுத் தொறடா' என்று அப்பா பதில் போட்டார். அதற்கும் இவன் அசரவில்லை. அந்தப் பையன் குளிக்கப் போன சமயம் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து இன்னொரு படம் அனுப்பினான்.

நாவிதரின் விரல் ஒட்டு முடியின் விளிம்பில் தட்டி நின்றது. ஒட்டு முடியா என்று தெலுங்கில் மெல்லக் கேட்டார். பிரசாத் விளிம்பில் நகத்தை விட்டுத் தானே பிய்த்தான். தோல் எரிந்தது. அப்பாவுடன் வேலை பார்த்தவர்கள் கண்ணில் படாதது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"இதுக்கு ஏதுடா காசு?" என்றார் மாமா.

"லாப்டாப் காசு, மாமா."

மாமா திட்டுவார் என்று காத்திருந்தான். அவர் திட்டவில்லை.

"பொட்டு வெச்ச அந்தப் படம் எனக்கும் வந்துச்சுடா. சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம அனுப்பியிருந்தாரு உங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பானையை எடுத்துவரப் போனார்.

பிரசாத்துக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. அப்பா இருந்த பக்கம் திரும்பாமலே மொட்டைக்குத் தலையைக் கொடுத்தான்.

குளித்து வந்ததும் தோளில் தண்ணீர்ப் பானையை ஏற்றினார்கள். பின்னால் வந்தவர் பானையில் துளை போட, தண்ணீர் முதுகில் வழிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே சிதையைச் சுற்ற ஆரம்பித்தான். பானை சரிந்தது. மாமா ஓடிவந்து தாங்கிக்கொண்டார்.

"குனியாதடா, பானை விழுந்துடும். நிமிந்து நட."

அப்பாவின் முகத்தை மட்டும் இன்னும் வறட்டியால் மூடவில்லை. பிரசாத் நிமிர்ந்து நடந்தான்.