இரண்டு வருசமும் பதினொரு நாளும்

1953ஆம் வருசம் பெப்ரவரி பத்தாம் திகதி செவ்வாய்க்கிழமை, பின்நேரம் நாலேகாலுக்கு டொறீன் டீச்சர் பாடிய பாட்டு, அவர் வாயசைத்து ஒரு கண் சிமிட்டும் நேரம் கழித்துத்தான் வகுப்பில் கேட்டது. பேசினால் உடனே கேட்டது, ஏசினால் அதைவிட உடனே கேட்டது. பாட்டு மட்டும் பிந்தியது. வேறு யாராவது என்றால் நேர்ச்சை வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் தண்ணி ஓதி வாங்கிக் குடித்திருப்பார்கள். டொறீன் டீச்சரோ விஞ்ஞானம் படித்தவர். மாத்தளையிலிருந்து அலுவிகாரைக்குப் போகிற ரோட்டில் இருந்த அந்தத் தகரக் கூரைப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கு ஏற்கெனவே ஆள் இருந்ததால் அவரைப் பாட்டுக்குப் போட்டிருந்தார்கள். அவரும் சளைக்கவில்லை. இசைக்கவையைத் தட்டித் தண்ணீர்க் கிளாசில் வைத்து, சுதி என்றால் என்னவென்று கண்ணாலேயே காட்டுவார். ஒவ்வொரு பிள்ளையின் வாய்க்கு முன்னாலும் மெழுகுதிரி பிடிப்பார். சுடர் குனிய வேண்டும், அணையக் கூடாது, அப்படிப் பாடினால்தான் மூச்சு சரி. ஆகவே தன் குரல் பிந்தியதும் கொப்பியைத் திறந்து திகதி, வெப்பநிலை, மழை உண்டா இல்லையா என்று எழுதிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனார்.

அளப்பதற்கு ஆள் தேவைப்பட்டது. மெயின் ரோட்டில் மணிக்கூடு திருத்துகிற கலந்தரிடம் ஒரு ஸ்டொப்வோச் இருந்தது. யாரோ ஒரு தோட்டத்துத் துரை திருத்தக் கொடுத்துவிட்டுச் சீமைக்குப் போய்விட்டார். கலந்தர் கிழமைக்கு ஒருதரம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து பின்வாங்கில் உட்காருவார். 1955இல் பாட்டு பத்து நிமிசம் பிந்தியது. 1958இல் ஒரு நாள். 1962இல் மூன்று மாசம் என்றானதால், டீச்சர் நத்தார்ப் பாட்டைச் செப்டெம்பரிலேயே பாடி வைத்தார், அது சொன்னபடி பாலன் பிறப்புக்கு வந்து நின்றது. பிள்ளைகள் கண்ணை ஒரு பாட்டுக்கும் காதை இன்னொரு பாட்டுக்கும் கொடுத்துப் பழகிவிட்டார்கள். 1969இல் இரண்டு வருசமும் பதினொரு நாளும் என்று வந்து, அதற்கு மேல் கூடாமல் நின்றுவிட்டது. டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்தார். சத்தம் நொடிக்கு ஆயிரத்து நூறு அடி போகும். அப்படியானால் இது ஒரு கோடியே முப்பத்து மூன்று லட்சம் மைல் தூரத்திலிருந்து வருகிற குரல்.

"அப்ப எங்க நின்னுக்கிட்டுப் பாடுறீங்க டீச்சர்?" என்று கேட்டார் கலந்தர்.

"சூரியனுக்குப் போற வழியில, ஏழுல ஒரு பங்கு தூரத்துல, கலந்தர் நானா. அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்லலாம்."

இதற்கிடையில், 1966இல், அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமை லீவை எடுத்துவிட்டுச் சந்திரனைப் பார்த்து, அமாவாசை, பௌர்ணமி, அரைப்பிறை என்று வருகிற போயா நாட்களுக்கு லீவு என்று மாற்றியது. கிழமை சிலசமயம் ஏழு நாள், சிலசமயம் எட்டு. இரண்டு வருசத்துக்கு அப்பால் எந்த நாளில் பள்ளிக்கூடம் திறந்திருக்கும் என்று தெரிந்தால்தானே பாட முடியும்? வேதக்கார டீச்சர் முத்துமாரியம்மன் கோவில் பக்கத்துக் கடையில் பஞ்சாங்கம் வாங்கி, அமாவாசை பௌர்ணமிகளை வரைபுத் தாளில் குறித்து, எதிர்காலத்துப் பள்ளி நாட்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துப் பாடினார். ஒரு பாட்டுக்கூடப் பிசகவில்லை.

1970 கடைசியில் அரசாங்கத்திடமிருந்து அந்தக் கடிதம் வந்தது. டொறீன் பிறந்தது மாத்தளை, ஞானஸ்நானம் மாத்தளை, கணக்கப்பிள்ளை இஞ்ஞாசி என்ற அவருடைய அப்பா மண்ணுக்குள் கிடப்பதும் மாத்தளை. ஆனால் தாத்தாவின் பிறப்புத் துண்டு இல்லாததால் அவர் இந்தியாக்காரி. ஆறு மாசத்தில் போக வேண்டும். டீச்சர் அன்றைக்கு வகுப்பிலேயே அழுதார். கலியாணம் கட்டாதவர், நாற்பத்திரண்டு பிள்ளைகளும்தான் அவருக்குப் பிள்ளைகள். பாட்டுக்கு வேறு டீச்சர் வரமாட்டார், வகுப்பையே மூடிவிடுவோம் என்று தலைமையாசிரியர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

அழுது முடித்ததும் கணக்குப் பார்த்தார். இனிமேல் பாடுவதெல்லாம் போன பிறகுதானே கேட்கும்? 1973 ஜூன்வரை பாடம் நடக்கும். ஒரேயொரு குறை: பேச்சு பிந்தாது, பிள்ளைகளைத் திருத்த ஆளில்லை. எனவே திருத்தங்களையும் ராகம் போட்டுப் பாடினார். பதினெட்டு வருசக் கொப்பியைப் புரட்டினால் எந்தப் பாட்டில் எந்த வரியில் எந்த வாங்கு சுதி இறங்கும் என்று இருந்தது. "இடதுபக்கம் மூணாம் வாங்கு, இழுக்காதே" என்று இரண்டு வருசம் முந்தியே ஏசி வைத்தார். 1971 ஜூன் பதினோராம் திகதி கடைசிப் பாடத்தைப் பாடிவிட்டு, தம்பி ரபாயேலோடு கோச்சியேறினார். ஸ்டேசனில் ஒப்பாரி காதைக் கிழித்தது. கலந்தர் பிளாட்போம் முடியும்வரை ஜன்னலோடு நடந்து வந்தார்.

திருச்சிக்கு வந்து இரண்டு மாசத்தில் கலந்தரின் முதல் கடிதம் கிடைத்தது. "டீச்சர், நீங்க போன கையோட அரசாங்கம் போயாவை விட்டுட்டுப் பழையபடி ஞாயித்துக்கிழமைக்கு மாறிடுச்சு. போன ஞாயிறு நாலேகாலுக்கு ரோட்டுல போறேன், பூட்டின பள்ளிக்கூடத்துக்குள்ள நீங்க தனியாப் பாடிக்கிட்டிருக்கீங்க. மனசு கேக்கல. வாச்சர்கிட்ட சாவி வாங்கித் திறந்து, பக்கத்துல கிடைச்ச ஏழு பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சேன்." டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். சந்திரனைக் கணக்குப் பண்ணியவர் சர்க்காரைக் கணக்குப் பண்ணவில்லையே! ஆனாலும் வகுப்பு நின்றுபோகவில்லை. ஊரெல்லாம் ஞாயிற்றுக்குத் திரும்பியபோதும் அந்த நாற்பத்திரண்டு பிள்ளைகள் மட்டும் பாட்டுக்குப் போயா கிழமையையே வைத்துக்கொண்டார்கள். எந்த நாள் வகுப்பு என்று கலந்தர் தன் கடைக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைத்தார்.

திருச்சியில் டீச்சர் ஜூலை ஐந்தாம் திகதி தொடங்கியிருந்தார். தினமும் நாலேகாலுக்கு வளவில் நின்று வாயசைப்பார். ஒரு சத்தமும் வராது. பக்கத்தில்தான் தண்ணீர்க் குழாய். அங்கே வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் கண்டி, மாத்தளைப் பக்கத்திலிருந்து வந்த சனம்தான். பாவம், ஊரை விட்டதில் டீச்சரம்மாவுக்குத் தட்டிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பாடிய இடத்தில்தானே கேட்கும். 1973 ஜூலை பதினாறாம் திகதி குரல் இந்த வளவில் வந்து இறங்கும் என்பது அவருடைய கணிப்பு. இங்கே ஒரு வகுப்பு தொடங்கலாம். ஆனால் மாத்தளையில் ஜூனோடு முடிந்துவிடும், அந்தப் பிள்ளைகளுக்கு இனி ஒன்றுமில்லை என்பதை நினைத்தால் சோறு இறங்காது.

அந்தத் திங்கட்கிழமை வந்தது. டீச்சரும் ரபாயேலும் வளவில் இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். நாலேகால் ஆனது. நாலரை. குழாயில் தண்ணீர் சொட்டியது, அவ்வளவுதான். அங்கேயும் போச்சு, இங்கேயும் போச்சு. "கடல்ல விழுந்துடுச்சுடா தம்பி" என்றார் டீச்சர். அவருடைய வாழ்க்கையில் அளக்காமல் சொன்ன ஒரே முடிவு அது. அது பிழை.

பன்னிரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. "டீச்சர், ஜூனோட முடியும்னு சொன்னீங்க. முடிஞ்சுது. மூணு கிழமையாப் பிள்ளைங்க வந்து வெறும் வகுப்பைப் பாத்துட்டுப் பாத்துட்டுப் போனாங்க. தலைமையாசிரியர் அறையைக் கேட்டார். இந்தத் திங்கக்கிழமை நாலேகாலுக்கு நீங்க திரும்பப் பாடினீங்க. சுதி சுத்தம். ஆனா உங்க பாட்டுக்கு நடுவுல ராசம்மான்னு ஒரு பொம்பள குடத்துக்காக யாரையோ கிழி கிழின்னு கிழிக்கிறாங்க. பிள்ளைங்களுக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சிருக்கு. அவங்க யாரு?"

டீச்சர் கடிதத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். ஐம்பது வயதில் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. ராசம்மா மாத்தளைக்குப் பக்கத்து யட்டவத்தக்காரி, கூடப் பிறந்த அக்கா கமலாட்சி இன்னும் அங்கேதான் தோட்டத்து லயத்தில் இருந்தாள். விசயத்தைக் கேட்டதும் ராசம்மா இடுப்புக் குடத்தைக் கீழே வைத்தாள். மறுநாள் நாலேகாலுக்குக் குழாயடியில் தண்ணீருக்கு வரிசையில்லை, டீச்சர் பக்கத்தில்தான் வரிசை. டீச்சர் பாட, ஒவ்வொருத்தியாக வந்து ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை, அழுதால் அழுகை. ராசம்மா, "அக்கா, சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

1975 ஓகஸ்டில் அது வந்து சேர்ந்தபோது, கலந்தர் முந்தியே சொல்லியனுப்பி, கமலாட்சி யட்டவத்தயிலிருந்து பஸ்ஸேறி வந்து பிள்ளைகளோடு வாங்கில் உட்கார்ந்திருந்தாள். தங்கச்சியின் குரல் கேட்டதும் எழுந்து நின்று, "சாப்பிட்டேன்டி" என்று பதில் சொல்லிவிட்டு, பாட்டு முடியும்வரை இருந்து போனாளாம். கலந்தர் எழுதிய அந்தக் கார்டை டீச்சர் குழாயடியில் வாசித்துக் காட்டினார். ராசம்மா இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னாள்.

"என்ன சாப்பிட்டாளாம்?" என்று கேட்டாள்.

அதைக் கலந்தர் எழுதவில்லை. கேட்டு எழுதச் சொல்லி டீச்சர் அன்றைக்கே கார்டு போட்டார்.