நடுச்சுவருக்கு அந்தப் பக்கம்

தொண்ணூற்றெட்டில், தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்துக் காம்பராவில்தான் ஞாயிறு மத்தியான ஜெபக் கூட்டம். அதை நடத்தும் பொறுப்பைப் போதகர் என்னிடம் கொடுத்து எட்டு வாரம் ஆகியிருந்தது. கொழுந்து பறிக்கிற நாலு பெண்கள் வருவார்கள். நான் ஒரு மணிநேரம் பிரசங்கம் செய்வேன். அவர்கள் பாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒன்பதாவது வாரம் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. முதல் நாள் தண்ணீர் பிடிக்கிற பீலியில் யார் வாளி முந்தி என்று பக்கத்துக் காம்பரா செல்லாயியோடு போட்ட சண்டை அப்படி. படகில் சீஷர்கள் புயலுக்குப் பயந்த கதையை எப்படியோ வாசித்து முடித்தேன். பிரசங்கத்துக்குக் குரல் வரவில்லை.

"உங்களுக்கெல்லாம் எதுக்குப் பயம்?" என்று மட்டும் கேட்டேன்.

எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். அப்போது, கூரையைத் தொடாத நடுச்சுவருக்கு மேலாகச் செல்லாயியின் குரல் வந்தது.

"மழை விடாமப் பெஞ்சா, பின்னால இருக்க மேடு சரிஞ்சிருமோன்னு பயம். புள்ளைகள செருப்போடதான் தூங்க வைக்கிறேன்."

"நானுந்தான்," என்றாள் பாயில் இருந்த ஒருத்தி. அடுத்தவள் அழுதேவிட்டாள். எனக்கும் அதே பயம்தான். எட்டு வாரப் பிரசங்கத்தில் அதை நான் சொன்னதே இல்லை.

"செல்லாயி, கதவு தொறந்துதான் இருக்கு. இங்கிட்டு வா," என்றேன், இருந்த குரலில்.

வந்தாள். பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் பீலிச் சண்டை இன்னும் ஆறவில்லை.

"எட்டு வாரமா ரேடியோவ நிப்பாட்டிட்டு நீ பேசுறதக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள். "இன்னைக்குத்தான் நீ எங்களக் கேட்ட."