நிற்கிற காலின் அளவு

“போடப்போட விரிஞ்சு குடுத்துடும்மா” என்றாள் கடைப்பெண். சைக்கிள் சாமான் விற்கும் அந்தக் கடையில் குட்டை முக்காலி ஒன்றில் உட்கார்ந்து, வலது காலை ஷூவுக்குள் திணித்துக்கொண்டிருந்த தையல்காரிக்கு அந்த வசனம் நன்றாகவே தெரியும். துணிக்கடையின் பின்கட்டில், அளவு திருத்தும் அறையில், இடுப்புப் பிடிக்கிறது என்று முகம் சுளிப்பவர்களிடம் அவளும் இதையேதான் சொல்வாள். துணியாவது கொஞ்சம் இரக்கம் காட்டும். இந்த ஷூவின் அடிப்பாகம் பலகை மாதிரி இருந்தது. சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

“இதுக்கு அடுத்த சைஸ் இருக்கா?”

“நீளம்தான்மா கூடும். அகலம் எல்லாத்துலயும் இதேதான்.”

ஷூவைக் கழற்றியதும் கடைப்பெண் வெறும் பாதத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, சட்டென்று அலமாரியை அடுக்கத் திரும்பினாள். அந்த மரியாதைதான் தையல்காரிக்குச் சுருக்கென்றது. சின்ன வயதில் அண்ணன் அவளைத் ‘துடுப்பு’ என்றுதான் கூப்பிடுவான். “உனக்குச் செருப்பு தேடுற நேரத்துல ஒரு படகே வாங்கிடலாம்” என்பான். வீடே சிரிக்கும், அவளும் சேர்ந்து சிரிப்பாள், பிறகு பாவாடையை இழுத்து விட்டுக்கொள்வாள். கணவர் கேலி செய்ததில்லை. அவர் பார்த்ததும் இல்லை. இருந்த வரைக்கும் செய்தித்தாளைத்தான் பார்த்தார். தையல் மெஷினுக்கு அடியில் கால் யார் கண்ணுக்கும் படாது. அந்தத் தொழில் அவளுக்கு ஒத்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சைக்கிள் அவளுடையது அல்ல, மகளுடையது. வேலை கிடைத்துக் கடல் தாண்டிப் போனபோது மகள் அதைக் கூடத்தில் சாத்தி வைத்துவிட்டுப் போனாள். வெகுநாள் அதன் மேல் ஈரத்துண்டு காய்ந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டின் சத்தமில்லாமை தாங்காமல், தையல்காரி அதைத் துடைத்து வெளியே எடுத்தாள். அதன் பெடல் கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். அடியில் இரும்புத்துண்டு வைத்த ஷூ போட்டால்தான் அது கவ்விப் பிடிக்கும். மகளின் ஷூவில் இவள் கால் பாதிகூட நுழையவில்லை. மகளுக்கு அப்பாவின் கால், மீன் மாதிரி ஒடுக்கமாக. அப்போது கடையில் கிடைத்த ஒரு ஷூவை வாங்கி, வலியைப் பொறுத்துக்கொண்டு, ஞாயிறு காலையில் சேர்ந்து ஓட்டும் ஒரு கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டாள்.

அந்தக் கூட்டத்தில் யாருக்கும் பெயர் கிடையாது, பட்டப்பெயர்தான். முன்னால் போகிறவர் தலை. கடைசியில் வருகிறவள் வால். வால் மற்ற நாட்களில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ஏறின பிள்ளைகள் எல்லாம் இறங்கிவிட்டார்களா என்று எண்ணிப் பார்த்தே பழகியவள். யாராவது பின்தங்கினால் அவளும் பின்தங்குவாள். “நான் கடைசிக்கா. எனக்குப் பின்னால யாரும் இருக்கக் கூடாது” என்பாள். தையல்காரிக்கு வைத்த பெயர் ஊசி. வாரம் முழுக்க அவளை யாரும் வாய் நிறையக் கூப்பிடுவதில்லை. கடையில் ‘மெஷின் அக்கா’, கீழ்வீட்டுக்காரியிடம் ‘குப்பை வண்டி போயிடுச்சா?’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தெருமுனையில் திரும்பியதும், “ஊசி வந்தாச்சு!” என்று யாராவது ஒருத்தர் கத்துவார். அதற்காகத்தான் அவள் சனிக்கிழமை தலைக்குக் குளித்தாள்.

போன வாரம் தலை சொல்லிவிட்டார். “இனிமே தூரம் கூட்டப் போறோம். முடியாதவங்க சாயங்காலம் பூங்காவைச் சுத்துற புதுசுங்களோட சேந்துக்கலாம். தப்பா எடுத்துக்காதீங்க.” யாரையும் பார்க்காமல்தான் சொன்னார். ஆனால் பாதி வழியில் விரல் மரத்துப்போய், பாதம் நெருப்பாய் எரிந்து, நின்று நின்று வருகிறவள் அவள் ஒருத்திதான். சைக்கிள் கடைக்காரர் சாதாப் பெடல் மாட்டித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றாள். சாதாப் பெடலில் ஏற்றத்தில் கால் நழுவும், இன்னும் பின்தங்குவாள். அதோடு, மகள் தொட்டுத் தொட்டு வைத்ததில் ஒன்றையும் கழற்ற அவளுக்கு மனசு வரவில்லை.

கடையில் எந்த ஷூவும் பொருந்தவில்லை என்றதும், அளவு கொடுத்தால் ஷூ செய்து அனுப்பும் ஒருவரைப் பற்றி வால்தான் சொன்னாள். தையல்காரி போன் செய்தாள்.

“காகிதத்துல ஏறி நேரா நில்லுங்கம்மா. ரெண்டு கால்லயும் பாரம் சமமா இருக்கணும். வீட்டுல யாரையாவது விட்டுப் பாதத்தைச் சுத்தி வரையச் சொல்லுங்க. நீங்களே குனிஞ்சு வரையாதீங்க, அளவு தப்பிடும்.”

“தெரியும். நானும் அளவு எடுக்குறவதான்” என்றாள்.

தெரியும்தான். அவள் அறைச் சுவரில், கண் உயரத்தில், ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருக்கும். அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் தன் இடுப்பைத் தானே குனிந்து பார்ப்பார்கள். பார்த்தால் இடுப்பு மாறிவிடும். “அந்தப் பொட்டைப் பாருங்க, கீழ பாக்காதீங்க” என்று சொல்லிச் சொல்லி அவள் வாய் தேய்ந்திருந்தது. தானே அளந்து எழுதிக்கொண்டு வருகிறவர்களை அவள் திருப்பியே அனுப்பிவிடுவாள்.

அன்று சாயங்காலம் கூடத்தில் பழுப்புக் காகிதத்தை விரித்து ஏறி நின்றாள். வீட்டில் யாரையாவது விட்டு. கீழ்வீட்டுக்காரியைக் கூப்பிடலாமா என்று படிவரை போய்த் திரும்பினாள். குப்பை வண்டியைத் தவிர வேறு எதையும் பேசாதவளிடம் போய், என் காலடியில் வந்து உட்காரு என்று எந்த முகத்தோடு கேட்பது? கடையில் இஸ்திரி போடுகிறவர் நல்ல மனிதர், ஆனாலும் ஆண்பிள்ளை. யோசிக்க யோசிக்க வேறு ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. இத்தனை பேர் உடம்பை அளந்தவள், ஒரு கோடு போட்டுக்கொள்ள முடியாதா? குனிந்து தானே வரைந்தாள். முன்பக்கம் பென்சில் விரலுக்கு அடியில் சாய்ந்தது, பின்பக்கம் எட்டாமல் குதிகாலை விட்டு விலகியது. எதற்கும் இருக்கட்டும் என்று, கைப்பழக்கத்தில், குதிகாலைச் சுற்றித் தையலுக்கு விடுகிற மாதிரி கொஞ்சம் இடம் விட்டே கோடு போட்டாள்.

“அளவு அனுப்பிட்டியாம்மா? யாரு வரைஞ்சு குடுத்தா?” என்று மகள் போனில் கேட்டாள்.

“கீழ்வீட்டுக்காரிதான். ரொம்ப நல்ல மாதிரி.”

“அப்பாடா. பேச ஆள் இருக்குன்னு தெரிஞ்சா எனக்கு நிம்மதி.”

அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல வழியில்லை.

ஷூ வந்தது. கறுப்பு, பார்க்க அழகு. முன்பக்கம் பழைய பிடிதான், கொஞ்சம் பரவாயில்லை. பின்னால் குதிகால் தாராளமாகக் குடித்தனம் நடத்தலாம். போடப்போடச் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இரண்டு ஜோடி சாக்ஸ் மாட்டி ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாள்.

ஊருக்கு வெளியே நீளமான ஏற்றத்தில் அது நடந்தது. தலை கூட்டத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டார். பின்விளக்குகள் பகலிலும் சிவப்பாக மினுக்கிக்கொண்டு தூரம் போயின. விடக் கூடாது என்று தையல்காரி மூச்சைப் பிடித்துப் பெடலை மேலே இழுத்தாள். கால் வந்தது, ஷூ வரவில்லை. அது பெடலைக் கவ்விக்கொண்டு அங்கேயே இருந்தது. அவள் சாக்ஸ் காலைக் காற்றில் உதைத்தபடி, சைக்கிளோடு சேர்ந்து மெதுவாக, மிக மெதுவாக, சாலையோரப் புல்லில் சாய்ந்தாள்.

வால் வந்து இறங்கினாள். சைக்கிளைத் தூக்கி நிறுத்தினாள். பெடலில் ஷூ தனியாகத் தொங்கி ஆடியது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

“அடி பட்டுச்சாக்கா?”

“இல்ல. மானம்தான் போச்சு.”

வால் ஷூவைக் கழற்றி உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தாள். “யாரு அளவு எடுத்தது?”

கீழ்வீட்டுக்காரி என்று சொல்ல வாயெடுத்தாள். முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, “நான்தான். வீட்டுல வேற யாரும் இல்ல” என்றாள். சாதாரணமாகச் சொல்ல நினைத்தாள், குரல் பாதியில் உடைந்துவிட்டது. “நான் இனிமே சாயங்காலக் கூட்டத்துக்கே போயிடறேம்மா. நீ போ, அவங்களைப் பிடி.”

“எனக்குப் பின்னால யாரும் இருக்கக் கூடாதுக்கா” என்றாள் வால், தண்ணீர்ப் புட்டியைத் திறந்துகொண்டே. குடித்துவிட்டுத் தையல்காரியிடமும் நீட்டினாள்.

தையல்காரி இடுப்புப் பையைத் திறந்தாள். அதில் அளவுநாடாவும் நீலச் சாக்கட்டியும் எப்போதும் கிடக்கும், ஞாயிற்றுக்கிழமைகூட. சாக்கட்டியை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சநேரம் உருட்டினாள்.

“ஒரு உதவி பண்ணுவியா?”

சாலையோரத்தில் கால்வாயை மூடிய சிமெண்டுப் பலகை சுத்தமாக இருந்தது. அவள் மற்றக் காலின் ஷூவையும் அவிழ்த்து, ஒரு ஜோடி, பிறகு இன்னொரு ஜோடி என்று சாக்ஸைக் கழற்றினாள். வெயிலில், திறந்த வெளியில், தன் இரண்டு பாதங்களும் முழு அகலத்துக்கு விரிந்து கிடப்பதைப் பார்க்க அவளுக்கே புதிதாக இருந்தது. வால் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். அவள் முகத்தைத் திருப்பவில்லை; வேன் டயரைச் சோதிக்கிற கவனத்தோடு நன்றாகவே பார்த்தாள்.

“நல்ல காலுக்கா. எங்கயும் வழுக்காது” என்றாள். “நேரா நில்லுங்க. வரைஞ்சு, நாடாவைப் பக்கத்துல வெச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடலாம்.”

சாக்கட்டி குதிகாலில் தொட்டது. குளிர்ந்திருந்தது. தையல்காரி தன்னை அறியாமல் தலையைத் தாழ்த்தினாள்.

“கீழ பாக்காதீங்க.”

அதை அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. நிமிர்ந்தாள். பார்ப்பதற்குச் சுவரும் பொட்டும் இல்லாமல் கண் தடுமாறி, ஏற்றத்தின் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கைக் கண்டுபிடித்து நின்றது. கோடு பாதத்தின் வெளிப்புறமாக ஊர்ந்து வந்தது. சுண்டுவிரலை அவசரப்படாமல் சுற்றியது, ஒவ்வொரு விரலின் இடுக்கிலும் நின்று நின்று போனது. வாலின் இன்னொரு கை கணுக்காலைப் பிடித்திருந்தது, ஆடாமல் இருப்பதற்காக. இடது காலும் முடிந்தது.

“ஆச்சுக்கா.”

தையல்காரி நகரவில்லை. “எங்க தொழில்ல ரெண்டு தடவை எடுக்கணும்மா” என்றாள், உச்சியைப் பார்த்தபடியே. “ஒரு தடவை எடுத்த அளவை நம்ப மாட்டோம்.”

வால் மறுபடி குனிந்தாள். சாக்கட்டி குதிகாலில் தொட்டது. உச்சியில் அந்தச் சிவப்புப் புள்ளி நகர்ந்து போகிறதா, நின்று காத்திருக்கிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை. அவள் கண் கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டு நேராக நின்றாள்.