சிரிக்க வேண்டாத இடம்

அந்தக் கடற்கரை ஊரில் மாலை நேரத்தில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு போகிறவன் டூரிஸ்ட். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறவன் அங்கே பிழைக்க வந்தவன். இந்த ஒரு அடையாளத்தை வைத்துத்தான் புகார் அக்கா நம் ஊர்க்காரர்களை ஒவ்வொருவராகப் பொறுக்கி எடுத்தாள்.

பெரிய ஹோட்டல் ஒன்றின் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. ஏசி குளிரவில்லை, தலையணை மெத்தென்று இல்லை என்று வருகிறவர்கள் கொட்டுகிற குறைகளையெல்லாம் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்ள வேண்டும். கடல் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்ட ஒரு மகராசனிடமும் "பார்க்கிறோம் சார்" என்று சிரித்திருக்கிறாள். அதனால்தான் அந்தப் பெயர். வந்த புதிதில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். பேச ஓர் ஆள் இல்லை. பிறகு ஒருநாள் பஸ் நிறுத்தத்தில், உலகத்தையே கரித்துக்கொட்டுகிற முகத்தோடு ஒருத்தி நிற்பதைப் பார்த்தாள்.

"நம்ம ஊரா?"

"ஆமா. அதுக்கு இப்ப என்ன?"

அந்தப் பதிலைக் கேட்டதும் புகார் அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. அவள்தான் நர்ஸ். பக்கத்து ஹோட்டலின் முதலுதவி அறையில், கடலில் முள் குத்திய கால்களைச் சிரித்துக்கொண்டே சுத்தம் செய்கிறவள். இருவருமாகச் சேர்ந்து தொடங்கியதுதான் திங்கட்கிழமை சபை.

திங்களன்று ஹோட்டல் துணிகளை வெளுக்கிற சலவைக்கூடத்துக்கு விடுமுறை. அதன் பின்முற்றத்தில், வெறும் துணிக்கொடிகளுக்குக் கீழே, ஹோட்டல்கள் தூக்கிப் போட்ட பட்டை அறுந்த சாய்வு நாற்காலிகளைப் போட்டு எல்லோரும் உட்காருவார்கள். சட்டம் ஒன்றுதான். அங்கே யாரும் யாரைப் பார்த்தும் சிரிக்க வேண்டியதில்லை. நலம் விசாரிப்பு கிடையாது. வந்த வேகத்தில் உட்கார்ந்து, அந்த வாரம் தன் உயிரை எடுத்தவனை வாய் வலிக்கத் திட்டலாம். கடலுக்கடியில் மீன் காட்டக் கூட்டிப்போகிறவருக்கு முங்கு மாஸ்டர் என்று பெயர். தண்ணீருக்குள்ளே சைகையிலேயே சண்டை போட்டுக்கொண்ட புதுத் தம்பதியைப் பற்றி அவர் நடித்துக் காட்டும்போது மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குத் தடையில்லை. மேசைக்குப் பின்னால் நின்று சிரிக்கிற சிரிப்புதான் ஆகாது. சபையில் ஒருவரைப் பார்த்து அப்படிச் சிரித்தால் முகத்தில் துப்பியதற்குச் சமம். பிள்ளைகளைக் கூட்டிவரவும் கூடாது. அங்கே புழங்கிய வார்த்தைகள் அப்படி.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த சபைக்குள்தான் மேனேஜரம்மா காலை வைத்தாள். புகார் அக்காவின் ஹோட்டலுக்குப் புதிதாக வந்த மேனேஜரின் மனைவி. அவளும் நம் ஊர்தான். கையில் ஒரு டப்பா நிறையப் பெயரட்டைகள்.

"ஹாய்! எல்லாரும் வட்டமா உக்காரலாமா? ஒவ்வொருத்தரா பேரச் சொல்லி, இந்த ஊர்ல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னு சொல்லுங்க பாப்போம்!"

"சம்பளத் தேதி," என்றார் முங்கு மாஸ்டர்.

"கடைசி பஸ்," என்றாள் நர்ஸ்.

புகார் அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உக்காருறதுன்னா சும்மா உக்காருங்க. இல்லைன்னா வந்த வழி அங்கதான் இருக்கு."

மேனேஜர் வீட்டம்மாவிடம் இப்படிப் பேசினால் வேலைக்கே வினை என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் திங்கட்கிழமை அவளுடைய ராஜ்ஜியம். மேனேஜரம்மாவின் சிரிப்போ இம்மியும் அசையவில்லை.

"ஏன்க்கா இவ்ளோ நெகட்டிவா இருக்கீங்க? நாலு பேர் கூடுற இடம் பாசிட்டிவா இருக்க வேணாமா?"

"பாசிட்டிவா இருக்குறதுக்குத்தான் உங்க வீட்டுக்காரர் சம்பளம் தர்றாரு. இன்னைக்கு எனக்கு லீவு."

மேனேஜரம்மா டப்பாவை மூடிக்கொண்டு போனாள். வாரக் கடைசியில் எல்லோருடைய போனிலும் ஒரு செய்தி வந்து விழுந்தது. வருகிற திங்கள் மாலை ஹோட்டல் மொட்டைமாடியில் நம்மவர் சந்திப்பு, குடும்பத்தோடு வரவும், குழந்தைகளுக்கு விளையாட்டு உண்டு. புகார் அக்கா ஒவ்வொருவருக்கும் போன் போட்டாள். "எவனாவது அந்தப் பக்கம் போனீங்க, அப்புறம் என் மூஞ்சியில முழிக்காதீங்க." எல்லோரும் சத்தியம் செய்யாத குறையாகப் போகமாட்டோம் என்றார்கள்.

திங்களன்று முற்றத்தில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. பிளாஸ்க்கிலிருந்த தேநீர் ஆறிப்போனது. மற்றவர்கள் போகட்டும், நர்ஸுமா? அந்த நினைப்புத்தான் நெஞ்சை அறுத்தது. இந்த இடமும் போனால் அவளுக்கு மறுபடி அந்தக் குளியலறைக் குழாய்தான். பிடித்து இழுத்தாவது அத்தனை பேரையும் கூட்டிவந்துவிடுவது என்று எழுந்து நடந்தாள்.

மொட்டைமாடியில் வண்ண விளக்குகள், முதுகு சாய்க்கிற நாற்காலிகள். எல்லோர் நெஞ்சிலும் பெயரட்டை தொங்கியது. முங்கு மாஸ்டர் மேனேஜரம்மாவைப் பார்த்துப் படகில் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தார். புகார் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடுவில் பாட்டு ஓட, நாற்காலியைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நர்ஸின் மகளும் வேர்க்க விறுவிறுக்க ஓடினாள். நர்ஸ் சுவரோரமாக நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, உன்னையும் வளைச்சுப் போட்டுட்டாளா?"

"அவ வளைக்கலக்கா," என்றாள் நர்ஸ். "நான்தான் போய்க் கேட்டேன். பிள்ளைங்களோட கூட ஒரு இடம் வேணும்னு."

"நீயா?"

"நானேதான்."

"என்கிட்ட கேக்க வாயில்லையா உனக்கு?"

"கேட்டேனேக்கா! எத்தன தடவ! 'இது என்ன பால்வாடியா'ன்னு கேட்ட. நான் அங்க உன்கூட உக்காந்து ஊரத் திட்டிட்டு இருந்தப்பல்லாம் என் பொண்ணு குவார்ட்டர்ஸ்ல உள்தாழ்ப்பாள் போட்டுட்டுத் தனியா உக்காந்திருந்தா. எட்டு வயசு அவளுக்கு."

கேட்டது உண்மைதான். புகார் அக்காவுக்கு நினைவிருந்தது. சுருக்கென்று தைத்தது. தைத்ததை ஒப்புக்கொள்கிற ரகமல்ல அவள்.

"முதுகுல குத்திட்டு நியாயம் வேற பேசுறியா?"

"திட்டு. நல்லா திட்டிக்கோ," என்றாள் நர்ஸ். "திட்டிட்டு இப்படி உக்காரு. அடுத்த வாரம் உன்கூட முற்றத்துக்கும் வர்றேன்."

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எல்லாம் சரியாகிப் போயிருக்கும். வார்த்தைகள் தொண்டை வரைக்கும் வந்து நின்றன. அதற்குள் பாட்டும் நின்றது. பெயரட்டை மாட்டிய அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் எதிரில் இறங்கிப்போவதா என்று வீம்பு வந்து உட்கார்ந்துகொண்டது. வேண்டுமென்றேதான் செய்தாள். தலையை லேசாகச் சாய்த்தாள். உதடு விரிந்தது, பல் தெரிந்தது.

"உங்க குழந்தை ரொம்ப அழகா விளையாடுறாங்க மேடம். வேற ஏதாவது உதவி வேணும்னா தயங்காம சொல்லுங்க."

முங்கு மாஸ்டர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். நர்ஸின் முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு அவளும் நிமிர்ந்தாள். அவளும் அந்தத் தொழிலில் சளைத்தவள் இல்லை.

"எல்லாமே ரொம்ப நல்லா இருக்குங்க," என்று சிரித்தாள். "உங்க உதவிக்கு ரொம்ப நன்றி."

மேனேஜரம்மா போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "ஐயோ, அக்கா சிரிச்சுட்டாங்க! அப்படியே நில்லுங்க ரெண்டு பேரும்! கொஞ்சம் கிட்ட, இன்னும் கிட்ட!"

இருவரும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். முங்கு மாஸ்டர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒன்று போதாதென்று மேனேஜரம்மா இன்னொன்றும் எடுத்தாள். இரண்டாவது முடிகிறவரை இருவரில் ஒருத்திகூடச் சிரிப்பைக் குறைக்கவில்லை.