நாங்கள் என்றால் யார்

காலையில் கடையைத் திறந்து முதல் ஆளுக்குக் கண் பரிசோதனை ஆரம்பிக்கும்போதே விளையாட்டுக் கூட்டத்தின் கொள்கை வரைவு கைப்பேசியில் வந்து விழுந்தது. மதியம் வரைக்கும் திறக்காமல் இருந்திருக்கலாம். படித்துத் தொலைத்தேன்.

'இந்த விளையாட்டை நாங்கள் கட்டுகிறோம். உங்கள் உதவியை நாங்கள் வரவேற்கிறோம். நீங்கள் தந்ததை மாற்றுவதா நீக்குவதா என்பதை நாங்கள் முடிவு செய்வோம்.' கடைசியில் தனியாக ஒரு வரி: 'மழை தந்த அக்காவுக்கு எங்கள் நன்றி.'

அந்த அக்கா நான்தான். அந்த நன்றிதான் என்னைச் சுருக்கென்று குத்தியது. வீட்டு ஆளுக்கு யாராவது எழுத்தில் நன்றி சொல்வார்களா? வந்துவிட்டுப் போகிறவர்களுக்குத்தானே சொல்வார்கள்?

"வலது கண்ணை மூடிக்கிட்டு மூணாவது வரியைப் படிங்க" என்றேன், நாற்காலியில் இருந்த பெரியவரிடம்.

"அந்தக் கண்ணை இப்பதானேம்மா மூடினேன்" என்றார் அவர்.

விஷயம் இதுதான். பல வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனி லாரி ஓட்டும் வீடியோ கேம் ஒன்றைச் செய்துவிட்டு, பிறகு அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கேட்பாரற்றுக் கிடந்த அதைப் பிரித்து, லாரியைத் தூக்கிவிட்டு டவுன் பஸ்ஸை வைத்து, மலைப்பாதை போட்டு, பயணிகளை ஏற்றிப் புதிதாக ஆக்கிக்கொண்டிருக்கிறது ஒரு கூட்டம். இப்படி மாற்றிக் கட்டுவதற்கு மாட் என்று பெயர். யாருக்கும் சம்பளம் கிடையாது. வேலை முடிந்த நேரத்தில் வந்து கண்ணைக் கெடுத்துக்கொள்வதுதான் லாபம்.

கூட்டத்தை ஆரம்பித்தவன் செல்போன் பழுதுபார்க்கும் கடைக்காரன். மீசை இன்னும் சரியாக வளரவில்லை, ஆனால் பேச்செல்லாம் பெரிய மனுஷப் பேச்சு. அதனால் அவனுக்குச் சித்தப்பா என்று பெயர். அவன் என்னை அக்கா என்பான், நான் அவனைச் சித்தப்பா என்பேன். "இந்த உறவுமுறையை எந்த மேதாவி கண்டுபிடிச்சது?" என்று என் வீட்டுக்காரர் கேட்காத நாளில்லை. பஸ்களைச் செய்பவர் ஒரு வெல்டர். பகலில் நிஜ இரும்பு, சாயங்காலம் திரையில் இரும்பு. செய்ததையெல்லாம் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்பவர் ஒரு டீச்சர். இந்த மூன்று பேர் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறவர்கள். நான் பிறகு வந்து சேர்ந்தவள்.

மழை என்னுடையது. கடைக்குப் பின்னாலுள்ள தகரக் கூரையில் விழும் சத்தத்தைப் பதிவு செய்ய, வீட்டுக்காரர் கைப்பேசிக்குக் குடை பிடித்துக்கொண்டு தான் நனைந்தார். ஒரு வாரம் தும்மினார். பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஒரு துளி ஒட்டும், பக்கத்துத் துளியோடு சேரும், கனம் தாங்காமல் வழியும். அது வழிகிற விதத்தைச் சரிசெய்ய ஒரு குளிர்காலமே போனது. நாள் முழுக்கக் கண்ணாடியோடு மாரடிக்கிறவள் நான். கண்ணாடியில் தண்ணீர் எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியாதா? முதல் தடவை அது சரியாக வழிந்தபோது தனியாக உட்கார்ந்து அழுதேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மறுநாள் புதிய பதிப்போடு கொள்கைகளும் வெளியே போகும். ஆட்சேபணை இருந்தால் சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும் என்று சித்தப்பா எழுதியிருந்தான். அன்று எனக்கு ஒரு வேலை ஓடவில்லை. லென்ஸ் வெட்டும் இயந்திரத்தில் இடது கண்ணுக்கானதை வலது சட்டத்தின் அளவில் வைத்துத் தேய்த்துவிட்டேன். முதலாளி ஒரு பார்வை பார்த்தார். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடி, திரும்பத் திறந்தேன். கடைசியில் வீட்டுக்காரரை அழைத்தேன்.

"நாங்கள்னு போட்டிருக்கான். அதுல நான் இருக்கேனா இல்லையா?"

"அவன்கிட்ட கேட்க வேண்டியதை என்கிட்ட கேட்டா? நான் லிப்டுக்குள்ள ஒரு கால், வெளிய ஒரு காலா நிக்கிறேன்." அவர் லிப்ட் மெக்கானிக்.

"நானும் அப்படித்தான் நிக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கடை மூடியதும் நேராகச் சித்தப்பா கடைக்குப் போனேன். மூன்று பேரும் இருந்தார்கள். திறந்த கைப்பேசிகளையும் குட்டித் திருகாணிகளையும் ஓரமாகத் தள்ளி, மேசை நடுவில் கணினியை வைத்திருந்தான் சித்தப்பா. உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை.

"இந்த நாங்கள்ல நான் இருக்கேனா?"

சித்தப்பா விழித்தான். "அக்கா, அது சும்மா மரியாதைக்குப் போட்டது. நோட்டீஸ்ல எல்லாம் அப்படித்தானே போடுவாங்க."

"கரன்ட் ஆபீஸ்காரன் போடுவான். அவனும் நானும் சேர்ந்தா கரன்ட் எடுக்கிறோம்? நாங்கள்னா கேட்கிறவன் வெளிய. நாம்னா கேட்கிறவனும் உள்ள. இது உனக்குத் தெரியாதா?"

வெல்டர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை.

"தெரிஞ்சுதான்க்கா போட்டேன்" என்றான். "போன தடவை ஹாரன் சத்தம், இன்ஜின் சத்தம் எல்லாம் கொடுத்தானே ஒருத்தன், கோவிச்சுக்கிட்டு ஒரே நாள்ல அத்தனையும் எடுத்துட்டுப் போயிட்டான். எத்தனை மாசம் பஸ் ஊமையா ஓடுச்சு? நாம்னு போட்டா வர்றவன் போறவன் எல்லாம் சொந்தம் கொண்டாடுவான். நான் யார் பின்னாடி ஓடுறது?"

அவன் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் கோபம் குறையவில்லை. "சரி, நாங்கள்னே இருக்கட்டும். அப்போ என் மழை என்னோடது. இன்னைக்கே எடுத்துட்டுப் போறேன். விருந்தாளி கொண்டு வந்த பையைத் திரும்ப எடுத்துட்டுப் போறதைத் தப்புன்னு சொல்ல முடியாதில்ல?"

வீராப்பாகச் சொல்லிவிட்டேன். எடுத்துக்கொண்டு போய் எங்கே வைப்பேன் அந்த மழையை?

"நாம்னு போட்டா?" என்று மெதுவாகக் கேட்டார் டீச்சர்.

"போட்டா எடுக்க மாட்டேன். எடுக்க எனக்கு உரிமையும் கிடையாது. எல்லாரோடதையும் நான் எப்படித் தூக்கிட்டுப் போக முடியும்?"

சித்தப்பா கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தான். பிறகு விசைப்பலகையை இழுத்தான். 'இந்த விளையாட்டை நாம் கட்டுகிறோம்.' எல்லா இடத்திலும் மாற்றினான். நன்றி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"அதை எடுத்துடு" என்றேன். எடுத்தான். எனக்கு அப்போதுதான் உட்காரத் தோன்றியது.

டீச்சர் தொண்டையைச் செருமினார். "அப்போ நாம ஒண்ணு பேசணும்."

"சொல்லுங்க டீச்சர்" என்றேன்.

"மழை ஆரம்பிச்சா எங்க ஸ்கூல் கம்ப்யூட்டர் எல்லாம் படுத்துடுது. பஸ் மலை ஏறுது, முதல் வளைவுலயே அப்படியே நின்னுடுது. பசங்களும் திரும்பத் திரும்ப ஆரம்பத்துல இருந்து ஓட்டிப் பார்த்துட்டு எழுந்து போயிடுறாங்க. எனக்குத் தெரிஞ்ச பாதிப் பேர் வீட்டுல இருக்கிறது அந்த மாதிரி பழைய மிஷின்தான்."

எனக்குக் காது சூடானது. "இத்தனை நாள் ஏன் சொல்லல?"

டீச்சர் வெல்டரைப் பார்த்தார். வெல்டர் திருகாணிகளைப் பார்த்தார். சித்தப்பாதான் வாயைத் திறந்தான். "எப்படிக்கா சொல்றது? விருந்தாளி கொண்டு வந்ததைக் குறை சொல்வாங்களா?"

அப்படியானால் நாள் முழுக்க நான் சந்தேகப்பட்டது சரி. இத்தனை மாதமும் என்னை வெளியேதான் உட்கார வைத்து உபசரித்திருக்கிறார்கள். 'அருமை அக்கா, பிரமாதம் அக்கா' என்று அவர்கள் சொன்னதெல்லாம் உபசாரம். இப்போதுதான் உள்ளே விட்டிருக்கிறார்கள். விட்ட கையோடு சட்டையைப் பிடிக்கிறார்கள்.

வாதாடிப் பார்த்தேன். துளிகளைக் குறைக்கிறேன் என்றேன். அங்கேயே குறைத்தும் காட்டினேன். டீச்சர் தன் பையிலிருந்து எடுத்து வைத்த பழைய மடிக்கணினியில் பஸ் அதே வளைவில் திணறி நின்றது. துளிகள் ஒன்றோடொன்று சேர்கிறதே, அந்த அழகுதான் கணினியின் உயிரை எடுக்கிறது. அதை எடுத்துவிட்டால் மீதி இருப்பது மழை இல்லை, வெறும் கோடு. அப்படி ஒரு மழையை என் கையால் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"அப்போ மழையை அணைச்சு வைப்போம்" என்றான் சித்தப்பா. "நல்ல மிஷின் இருக்கிறவங்க தேடிப் போட்டுக்கட்டும்."

எத்தனை பேர் தேடுவார்கள்? அமைப்புகளில் நாலு பக்கம் தள்ளி, கடைசிப் பக்கத்தில் கிடக்கும் ஒரு பொத்தானை? மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அணைக்க யாரும் தன் கையை நீட்டவில்லை. நாம் என்று ஒரு முறை வாயால் கேட்டு வாங்கியாகிவிட்டது. இனி எந்த முகத்தோடு என்னுடையது என்பது?

நானே அணைத்தேன்.

டீச்சரின் மடிக்கணினியில் பஸ் மலை ஏறியது. முதல் வளைவைத் தாண்டியது, இரண்டாவதைத் தாண்டியது, எங்கும் நிற்கவில்லை. டீச்சர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பார்க்க எரிச்சலாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஆனால் காய்ந்த கண்ணாடியில் வைப்பர் பைத்தியம் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. வெல்டர் அதை மழையோடு கட்டவில்லை, பாதையோடு கட்டியிருந்தார். மலைப்பாதை என்றால் மழை இருக்கும், என் மழை எங்கே போய்விடப் போகிறது என்று நம்பியிருக்கிறார். ரப்பர் ஓரம் கண்ணாடியில் லேசாக மடங்கித் திரும்பும்படி அதைச் செய்ய அவருக்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும். பஸ்ஸிலேயே அவருக்குப் பெருமை அதில்தான்.

சித்தப்பாவும் டீச்சரும் பார்த்துவிட்டார்கள். பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

"அண்ணே" என்றேன். "நம்ம வைப்பரை நிறுத்தணும்."

"நம்ம வைப்பரா?" என்றார் வெல்டர்.

"நம்மதுதாண்ணே."

அவர் நாற்காலியைத் தரையில் கீச்சிட இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டார்.

"தள்ளும்மா" என்றார். "நானே நிறுத்துறேன்."